சாட்டர்ன் 5 வரைபடங்கள் தொலைந்துவிட்டனவா?

கேள்வி: மனிதரை நிலவுக்குக் கொண்டுசென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டின் வரைபடங்களை நாசா தொலைத்துவிட்டதாகவும், அதனால்தான் அதை மறுபடியும் கட்ட முடியவில்லை என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. என் மாணவர்கள் கேட்கிறார்கள், என்ன சொல்வது?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: தொலையவில்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் உள்ள நாசாவின் மார்ஷல் விண்வெளி மையத்தில் அவை மைக்ரோஃபிலிம் சுருள்களாக, அதாவது மிகச் சிறிதாகப் படமெடுத்த படச்சுருள்களாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன.

வரைபடம் இருந்தும் கட்ட முடியாததற்குக் காரணம் வேறு. ஏறத்தாழ 111 மீட்டர் உயரமுள்ள அந்த ராக்கெட்டின் அடிக்கட்டத்தில் எஃப்-1 என்னும் ஐந்து எஞ்சின்கள் இருந்தன. அவை ஐந்தும் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 13 டன் மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் எரித்தன. தொடக்கத்தில் எரியறைக்குள் தீ நிலைகொள்ளாமல் அதிர்ந்து எஞ்சினையே சிதைத்தது. அதை அடக்கும் கணக்கு அன்று எவரிடமும் இல்லாததால், பொறியாளர்கள் எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள்ளேயே சிறு வெடிகளை வேண்டுமென்றே வெடிக்கச் செய்து, எந்த அமைப்பில் அதிர்வு தானாக அடங்குகிறது என்று மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். எரிபொருளைத் தெளிக்கும் தட்டின் மீது தடுப்புகளை எழுப்பிய பிறகே தீ கட்டுக்குள் வந்தது. அந்தப் பொறுமையை உங்கள் மாணவர்களுக்கு அவசியம் எடுத்துச் சொல்லுங்கள்.

2013-இல் மார்ஷல் மையத்தின் இளம் பொறியாளர்கள், சேமிப்பில் இருந்த எஃப்-1 எஞ்சின் ஒன்றைப் பிரித்து ஆராய்ந்தபோது, வரைபடத்தில் காணப்படாத சிறு சிறு திருத்தங்களைப் பற்றவைப்பாளர்கள் தம் கைப்பழக்கத்தால் செய்திருந்தது தெரியவந்தது. உள்மரத்தில் காயம் படாமல் பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம் என்பதை நம் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் கை அறிந்திருந்ததே, அதைப் போன்ற அறிவு அது. 1968-இல், 15 ராக்கெட்டுகளோடு உற்பத்தியை நிறுத்த முடிவானதும் அந்தத் தொழிலாளர்கள் கலைந்துபோனார்கள். அச்சுகளும் கருவிகளும், உதிரிபாகம் தந்த தொழிற்சாலைகளும் காலப்போக்கில் இல்லாமற்போயின.

கேள்வி: சாட்டர்ன் 5 ஒருமுறைகூடப் பழுதடையவில்லை என்பது உண்மையா?
(வாசகர், அதே ஊர்)

பதில்: முழு உண்மை அன்று. 1967 முதல் 1973 வரை ஏவப்பட்ட 13 சாட்டர்ன் 5 ராக்கெட்டுகளில் எதுவும் உயிரைப் பறிக்கவில்லை என்பதே சரி. 1968 ஏப்ரலில், ஆள் இல்லாமல் சென்ற அப்போலோ 6 பயணத்தில் ராக்கெட் கடுமையாகக் குலுங்கியது. இரண்டாம் கட்டத்தில் ஓர் எஞ்சினின் எரிபொருள் குழாய் உடைந்தது. அதை நிறுத்த அனுப்பிய கட்டளை, கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டிருந்ததால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னோர் எஞ்சினையும் அணைத்துவிட்டது. தரைச் சோதனைகளில் அந்தக் குழாய் ஏன் உடையவில்லை என்று தேடியபோது, கடுங்குளிரில் காற்று அதன் மேல் படிந்து அதிர்வைத் தணித்திருந்தது புலப்பட்டது. காற்றில்லாத உயரத்தில் அந்தக் காப்பு இல்லை. குழாயை மாற்றி அமைத்து, குலுக்கலைத் தணிக்க ஆக்சிஜன் குழாய்களின் வால்வுகளில் ஹீலியம் வாயுவை நிரப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், அடுத்த சாட்டர்ன் 5 மூன்று பேரை ஏற்றிக்கொண்டு நிலவைச் சுற்றிவரப் புறப்பட்டது.