முதல் வரியில் பாஷ் இருந்தும் ஏன் ஓடவில்லை?

கேள்வி: பெருங்குடியில் ஒரு சின்ன நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய சென்ட்ஓஎஸ் சர்வரில் ஒழுங்காக ஓடிய பேக்கப் ஸ்கிரிப்ட், புது உபுண்டு சர்வரில் (இரண்டும் லினக்ஸ் வகைகள்) "[[: நாட் ஃபவுண்ட்" என்கிறது. முதல் வரி #!/பின்/பாஷ் என்றுதான் இருக்கிறது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் "எஸ்ஹெச் பேக்கப்.எஸ்ஹெச்" என்று போட்டிருக்கிறேன். கோளாறு எங்கே?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: கிரான் வரியில் முன்னால் நிற்கும் அந்த "எஸ்ஹெச்"சில்தான், அம்மா. பாஷ், எஸ்ஹெச் எல்லாம் ஸ்கிரிப்ட்டைப் படித்து ஓட்டும் ஷெல் புரோகிராம்கள். ஃபைலை நேரடியாக ஓட்டினால்தான் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் முதல் வரியைப் பார்த்து பாஷைக் கூப்பிடும். நீங்களே எஸ்ஹெச்சைக் கூப்பிட்டு ஃபைலை அதன் கையில் கொடுத்துவிட்டால், # போட்டுத் தொடங்கும் அந்த வரி அதற்கு வெறும் குறிப்புதான். படிக்காமல் தாண்டிவிடும்.

சென்ட்ஓஎஸ்ஸில் எஸ்ஹெச் என்ற பெயரில் இருப்பதும் பாஷ்தான், அதனால் அங்கே தெரியவில்லை. உபுண்டுவில் 2006-ல் வந்த 6.10 முதல் அந்த இடத்தில் டாஷ் என்ற வேறு ஷெல் இருக்கிறது. சின்னது, வேகமானது, சிஸ்டம் சீக்கிரம் பூட் ஆகட்டும் என்று மாற்றினார்கள். நிபந்தனையைச் சோதிக்க பாஷில் எழுதும் [[ அதற்குத் தெரியாது. அந்தப் பெயரில் ஒரு கட்டளையைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்கிறது.

எனக்குக் கவலை வேறு. இந்தப் பிழையோடு ஸ்கிரிப்ட் நின்றுவிடாது. அர்ரே (பல மதிப்புகளை அடைப்புக்குறிக்குள் வைக்கும் பட்டியல்) எழுதியிருந்தால் டாஷ் அடைப்புக்குறியைப் பார்த்ததுமே நின்றுவிடும், அது நல்லது. இஃப்-க்குப் பக்கத்தில் [[ இருந்தால், நிபந்தனை பொய் என்று எடுத்துக்கொண்டு எல்ஸ், அதாவது "இல்லையென்றால்" பக்கம் போய்விடும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த இடத்தில், "இன்றைய ஃபைல் காலியாக இருந்தால் நிறுத்து, இல்லையென்றால் பழையதை அழி" என்று எழுதி வைத்திருந்தோம். உபுண்டுவுக்கு மாறிய பிறகு, பேக்கப் எடுக்காத ராத்திரிகளிலும் எல்ஸ் பக்கம் போய்ப் பழையதை அழித்துக்கொண்டே இருந்தது. டிஸ்க் போன அன்றைக்குத்தான் பார்த்தோம், ஃபோல்டரில் ஒன்றுமே இல்லை. கணக்குப் பிரிவு அக்கா பில் கட்டுகளை மேஜையில் அடுக்கிக்கொண்டு, ஒரு மாதக் கணக்கை மறுபடி டைப் செய்தார். இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

அதனால் முதலில் ஸ்கிரிப்ட்டில் கை வைக்காதீர்கள். லாகில் அந்தப் பிழை எந்தத் தேதியிலிருந்து வருகிறது, பேக்கப் ஃபோல்டரில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். இருப்பதை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம் கிரானில் எஸ்ஹெச் இருக்கும் இடத்தில் பாஷ் என்று மாற்றினால் போதும். மறுநாள் காலை ஃபைலின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.