டவர் கிடைக்காத வீடும் பூஸ்டர் வியாபாரியும்

கேள்வி: எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் செல்போன் சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது. சில நேரம் அதுவும் இல்லை. மொட்டைமாடிக்குப் போனால் நன்றாகக் கிடைக்கிறது. பேங்க் ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. செல்போன் நிறுவனத்திடம் பலமுறை புகார் செய்தும் பயனில்லை. இப்போது ஒருவர் சிக்னல் பூஸ்டர் மாட்டித் தருகிறேன் என்கிறார். லைசென்ஸ் இருக்கிறதாம், எல்லா நெட்வொர்க்குக்கும் வேலை செய்யுமாம், 5ஜியும் வருமாம். பக்கத்து வீட்டுக்காரரும் வெகுநாளாக ஒன்று வைத்திருக்கிறார். அவருக்கு எந்தப் பிரச்சினையும் இல்லையாம். நானும் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

வீட்டுக்குள் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும், ஓடிபி நேரத்துக்கு வர வேண்டும். உங்கள் தேவை அவ்வளவுதானே? அதற்கான வழி பெரும்பாலும் உங்கள் போனுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய வாடிக்கையாளர் சேவை மையம் சொல்லியிருக்காது. 'போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்' என்று சொல்லிவிட்டு, மறுநாள் 'தங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி அனுப்பியிருக்கும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்கவே நீங்கள் மாடிக்குப் போயிருப்பீர்கள்.

முதலில் அந்தக் கோடுகளை நம்புவதை விடுங்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. உண்மையான அளவு ஓர் எண். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' என்று டிபிஎம் (dBm) கணக்கில் காட்டும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். எண் மைனஸில் வரும், குழம்ப வேண்டாம். மைனஸ் 85 நல்ல சிக்னல். மைனஸ் 100 சுமார். மைனஸ் 115-ஐத் தாண்டினால் பேச்சு அறுந்து அறுந்துதான் வரும். ஒவ்வொரு 10-க்கும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மாடியில் மைனஸ் 85, கூடத்தில் மைனஸ் 118 என்றால், மாடியில் கிடைப்பதில் ஏறத்தாழ 2000-ல் ஒரு பங்குதான் கூடத்துக்கு வந்து சேர்கிறது. மிச்சத்தை கான்கிரீட், கம்பி, கண்ணாடி மேல் ஒட்டிய உலோகப் படலம், கூரைக்கடியில் விரித்த அலுமினியத் தாள் எல்லாம் தின்றுவிடுகின்றன.

இந்த எண்ணை மாடியிலும், கூடத்திலும், நீங்கள் அதிகம் உட்கார்ந்து பேசும் இடத்திலும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் உறவினர் யாராவது வரும்போது, அவர் போனிலும் அதே இடங்களில் பாருங்கள். அவருடையது 20 எண் மேலாக (உங்களுக்கு மைனஸ் 118, அவருக்கு மைனஸ் 98 என்பதுபோல) இருந்தால் நிறுவனத்தை மாற்றுவதோடு விஷயம் முடிந்தது. நிறுவனங்களின் இணையதளத்தில் போட்டிருக்கும் வரைபடத்தை வைத்து மாற்றாதீர்கள். அந்த வண்ணப்பூச்சு பெரும்பாலும் வெட்டவெளியில் எவ்வளவு கிடைக்கும் என்ற கணினிக் கணிப்பு; உங்கள் வீட்டுச் சுவர் அதில் இல்லை.

இனி அந்த வழிக்கு வருகிறேன். அதன் பெயர் வைஃபை காலிங். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால், போன் டவரை விட்டுவிட்டு உங்கள் வைஃபை மூலமாகவே அழைப்பை நிறுவனத்துக்குக் கொண்டுபோகும். தனி செயலி வேண்டாம். எண் அதேதான். எதிர்முனையில் இருப்பவர் சாதாரண போனில் இருந்தாலும் பேசலாம். வினாடிக்கு 100 கிலோபிட் அளவு இருந்தாலே ஒரு பேச்சுக்குப் போதும், ஆகவே வேகமான இணைப்பெல்லாம் தேவையில்லை. ஓடிபி குறுஞ்செய்திகளும் பெரும்பாலான நிறுவனங்களில் இந்த வழியாகவே வந்துவிடும். செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் இதற்கான பொத்தான் இருக்கும். இல்லை என்றால் உங்கள் போன் மாடலுக்கு நிறுவனம் இதைத் திறந்துவிடவில்லை என்று பொருள். அதைத்தான் சேவை மையத்தில் கேட்க வேண்டும், சிக்னலைப் பற்றி அல்ல.

பொத்தானைப் போட்டும் வேலை செய்யவில்லை என்று எனக்கு எழுதுகிறவர்களுக்கு அநேகமாக ஒரே காரணம்தான். டவர் அடியோடு இல்லாவிட்டால் போன் வைஃபைக்கு மாறிவிடும். சாகக் கிடக்கும் அந்த ஒரு கோடு இருக்கும்வரை போன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும், வைஃபைக்கு வராது. ஆகவே வீட்டுக்குள் இருக்கும்போது ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது போனுக்கு வேறு போக்கிடம் இல்லை. சில போன்களில் 'வைஃபை பிரிஃபர்ட்' என்று தேர்வு இருக்கும். அதைப் போட்டால் இந்தச் சிரமமும் இல்லை. அப்படியும் வரவில்லை என்றால் போனில் விபிஎன் (இணையத்தை வேறு வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி) ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ரவுட்டர் யுடிபி 500, 4500 என்ற இரண்டு வாசல்களை (போர்ட்) அடைத்து வைத்திருக்கலாம். பிராட்பேண்ட் மாட்டித் தந்தவரிடம் இந்த இரண்டு எண்களை மட்டும் சொல்லுங்கள், மற்றது அவருக்குத் தெரியும்.

வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் என்ன செய்வது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பூஸ்டர்காரர்கள் பிழைப்பதே இந்த இடத்தில்தான்.

மாடியில் சிக்னல் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அங்கே ஒரு 4ஜி ரவுட்டரை வையுங்கள். அதற்குத் தனியாக ஒரு டேட்டா சிம். டவரின் கண்ணுக்கு அந்த ரவுட்டர் இன்னொரு போன், அவ்வளவுதான். டவர் சொல்கிற அளவுக்கு மேல் அது பேசாது. அது யாருடைய அலையையும் பெருக்குவதில்லை, ஆகவே பூஸ்டருக்கு உள்ள சட்டச் சிக்கல் இதற்கு இல்லை. அது தரும் வைஃபையில் உங்கள் போன் வைஃபை காலிங் செய்யும். ரவுட்டரின் சிம் உங்கள் போன் நிறுவனத்தின் சிம்மாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மாடியில் எது நன்றாகக் கிடைக்கிறதோ அதைப் போடலாம்.

செலவு செய்யுமுன் ஒத்திகை பாருங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய போன் ஒன்றில் அந்த சிம்மைப் போட்டு, மேல் மாடி ஜன்னலோரம் வைத்து ஹாட்ஸ்பாட் ஆன் செய்து, கீழே வந்து பேசிப் பாருங்கள். சரியாக இருந்தால் ரவுட்டர் வாங்கலாம். அந்தப் பழைய போனையே நிரந்தரமாக வைத்துவிடாதீர்கள். வெயில் படும் ஜன்னலில் நாள் முழுக்க சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பிவிடும்.

ரவுட்டர் வாங்கும்போது ஒரு தவறு பலர் செய்கிறார்கள். ரவுட்டரைக் கீழே கூடத்தில் வைத்து, மாடியில் ஆன்டெனாவை நட்டு, இரண்டுக்கும் நடுவே நீளமாக ஆன்டெனா கேபிள் இழுக்கிறார்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய கேபிள் 10 மீட்டர் ஓடினாலே சிக்னலில் பாதிக்கு மேல் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய ஆன்டெனா பிடித்ததைக் கேபிள் குடித்துவிடுகிறது. மழை தாங்கும் வெளிப்புற ரவுட்டராக வாங்கி மாடியிலேயே வைத்துவிட்டு, அங்கிருந்து சாதாரண ஈதர்நெட் ஒயரைக் கீழே இறக்குங்கள். ஈதர்நெட் 100 மீட்டர் வரை ஒன்றையும் இழக்காது. பல மாடல்களில் கரண்டும் அந்த ஒரே ஒயரில் மேலே போய்விடும், மாடியில் பிளக் பாயிண்ட் தேட வேண்டாம். குழாய் நட்டு உயரத்தில் கட்டுவதாக இருந்தால் எர்த் போடாமல் கட்டாதீர்கள், இடி மின்னல் விளையாட்டு வேண்டாம்.

இப்போது உங்கள் வியாபாரி. பூஸ்டர் என்பது மூன்று பாகம்: வெளியே ஓர் ஆன்டெனா, நடுவே ஒரு பெருக்கி, உள்ளே இன்னொரு ஆன்டெனா. டவரிலிருந்து வருவதைப் பெருக்கி வீட்டுக்குள் விடும்; உங்கள் போன் பேசுவதைப் பெருக்கி டவருக்கு அனுப்பும். இந்த இரண்டாவது வேலையில்தான் வினை. உங்கள் போன் 4ஜியில் பொதுவாக அதிகபட்சம் 200 மில்லிவாட் அளவுக்குத்தான் அலை வீசும். அதைக்கூட டவர் நொடிக்கு நொடி 'ஏற்று, இறக்கு' என்று கட்டுப்படுத்திக்கொண்டே இருக்கிறது. மலிவு பூஸ்டருக்கு அந்த ஒழுங்கு கிடையாது. நீங்கள் பேசாத நேரத்திலும் அது இரைச்சலைப் பெருக்கி டவரின் காதில் ஊதிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆன்டெனாவும் போதிய இடைவெளி இல்லாமல் மாட்டப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். மேடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் வீல் என்று கத்துமே, அதே கத்தலை இது ரேடியோ அலையில் கத்தும். உங்களுக்குக் கேட்காது. அந்த டவரை நம்பியிருக்கும் சுற்று வட்டாரத்துக்கே பேச்சு அறுந்து போகும்.

அதனால்தான் சட்டம் குறுக்கே வருகிறது. நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று தெரியவில்லை. அமெரிக்காவில் 2014 முதல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையத்தின் தரத்துக்கு உட்பட்ட பூஸ்டர்களை மட்டுமே விற்கலாம், வாங்கியவர் தன் செல்போன் நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும். பிரிட்டனில் 2018-ல் குறிப்பிட்ட சில வகைகளுக்கு மட்டும் வழிவிட்டார்கள். இந்தியாவில் உரிமம் பெற்ற செல்போன் நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் பூஸ்டரை வைத்திருப்பதோ விற்பதோ பயன்படுத்துவதோ சட்டவிரோதம் என்று 2022-ல் தொலைத்தொடர்புத் துறை வெளிப்படையாகவே அறிவித்தது. அறிவித்தார்கள், சரி. அதற்குப் பிறகும் கடைகளிலும் இணையத்திலும் தாராளமாக விற்கிறது. விற்பவனைப் பிடிப்பதை விட, மாட்டிக்கொண்ட குடும்பத்தின் கதவைத் தட்டுவது சுலபமாக இருக்கிறது போலும்.

'லைசென்ஸ் இருக்கிறது' என்று அவர் காட்டும் தாளை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது பெட்டியைப் பரிசோதித்ததற்கான சான்றிதழ். கரண்ட் அடிக்காது, தரமானது என்கிற வகை. அந்த அலைவரிசையில் ஒலிபரப்ப உங்களுக்கு அனுமதி என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. அலைவரிசை செல்போன் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. அனுமதி தர வேண்டியது அதுவும் அரசும், பெட்டி செய்தவர் அல்ல. 'எல்லா நெட்வொர்க்குக்கும்' என்று அவர் பெருமையாகச் சொல்வதும் உண்மையில் குற்ற ஒப்புதல் மாதிரிதான். எதையும் பிரித்துப் பார்க்காமல் அகலமாக எல்லாவற்றையும் பெருக்குகிறது என்று பொருள்.

செய்துகாட்டும் விதத்தையும் கவனியுங்கள். உள்ளே வைக்கும் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் உங்கள் போனை வாங்கிப் பிடிப்பார். கோடுகள் முழுதாக நிறையும். கையோடு பில் போடுவார். அந்தப் போனோடு அடுத்த அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து நிமிடம் பேசச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பிரச்சினை என்று நாளை அதிகாரிகள் வந்து நிற்கும்போது வீட்டு முகவரி உங்களுடையது. அவர் போன் சுவிட்ச் ஆஃப்பில் இருக்கும்.

இவரைவிடச் சின்ன ஏமாற்றுக்காரர்களும் உண்டு. போனின் முதுகில் ஒட்டும் தங்கநிற ஸ்டிக்கர் ஒன்றும் செய்யாது. 'சிக்னல் பூஸ்டர்' என்ற பெயரில் வரும் செயலிகள் இணைப்பை அறுத்து மறுபடி போடும், அதை நீங்களே ஏரோபிளேன் மோடில் செய்துகொள்ளலாம். வைஃபை எக்ஸ்டெண்டரை பூஸ்டர் என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. அது நல்ல பொருள்தான், ஆனால் வைஃபையை மட்டும் நீட்டும், டவரைத் தொடாது.

எதுவும் சரிப்படாவிட்டால், பூஸ்டரைச் செல்போன் நிறுவனத்திடமே கேளுங்கள். அவர்களே வைக்கும் ரிப்பீட்டர் (பூஸ்டருக்கு இன்னொரு பெயர்), அல்லது பிராட்பேண்டில் செருகும் குட்டி டவர் மாதிரியான ஃபெம்டோசெல் என்று சில நிறுவனங்களிடம் ஏற்பாடுகள் உண்டு. தொலைபேசியில் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாத பிள்ளைதான் பதில் சொல்லும். எழுத்தில் கேளுங்கள், மாடியிலும் கூடத்திலும் எடுத்த அந்த எண்களைக் குறிப்பிடுங்கள். 'சிக்னல் இல்லை' என்ற புகாரை மூடுவது எளிது. 'வெளியே மைனஸ் 85, உள்ளே மைனஸ் 118' என்று எழுதியதை ஒரு இன்ஜினியராவது படித்துத்தான் ஆக வேண்டும். படிக்காவிட்டால் அதே கடிதத்தோடு மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போங்கள்.

கடைசியாக உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்குப் பிரச்சினை இல்லை என்கிறீர்கள், உங்களுக்கு இருக்கிறதே. மாடியில் எண் நன்றாகக் காட்டும்போதே அழைப்பு போகாமல் நிற்கிறதா, நீங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காமல் போகிறதா என்று இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். அப்படியென்றால் டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்கவில்லை. இரைச்சல் போடும் பூஸ்டர் அருகில் இருந்தால் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். சண்டைக்குப் போக வேண்டாம். அரை மணி நேரம் அதன் பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லி, நீங்கள் மாடியிலிருந்து நாலைந்து அழைப்பு போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அவரிடமே காட்டுங்கள். நிறுவனத்தின் ஆட்கள் திசை காட்டும் ஆன்டெனாவோடு தெருவில் இறங்கினால் எந்த வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு முன்பே அவராகக் கழற்றிவிடுவது அவருக்கு நல்லது.