அக்காவைக் கேளுங்கள்: பணிய லயத்து அண்ணனும் மேட்டு லயத்து அக்காவும்

கேள்வி: அக்கா, எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைஞர் மன்றத்தில் டிசம்பர் 10ஆம் திகதி, மனித உரிமைகள் தினத்துக்கு ஒருநாள் செயலமர்வு வைக்கிறோம். பணிய லயத்தில், அதாவது கீழ்ப் பக்கத்து வரிசை வீடுகளில், காது கேட்காத, பேச்சு வராத அண்ணன் ஒருவர் இருக்கிறார். மேட்டு லயத்தில் நடக்க முடியாத அக்கா ஒருவர். 'அவங்களுக்கு இதெல்லாம் விளங்காது, டிசம்பர் 3இல் தனியா ஏதாவது செய்வோம்' என்கிறார்கள் மன்றத்தில். எனக்கு மனசு ஒப்பவில்லை.
- ஆர்.எஸ்., மஸ்கெலியா

பதில்: உன் மனசு சொல்வதுதான் சரி, தங்கச்சி. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தில் நம் பக்கம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு உலர் உணவுப் பொதி, ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ. அரிசி விற்கிற விலையில் பொதியை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 3ஆம் திகதி பொதி வாங்கியவர்களை 10ஆம் திகதி வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, எல்லோரும் சமம் என்று எந்த வாயால் பாடம் எடுப்பீர்கள்?

என் வலது கால் சின்ன வயதில் போலியோ வந்த கால். கொஞ்சக் காலத்துக்கு முன் மலையகத்து நகரம் ஒன்றில் மனித உரிமைச் செயலமர்வுக்குப் போயிருந்தேன். மண்டபம் மேல்மாடியில். ஊன்றுகோலோடு மெல்ல ஏறிவிட்டேன், அது பெரிய காரியமில்லை. கழிப்பறைதான் கீழே, கட்டடத்துக்குப் பின்னால், பாசி பிடித்த படிகளைத் தாண்டி. காலையில் பிளேன்டீ வந்தது, சாயங்காலமும் வந்தது, ஒன்றையும் நான் தொடவில்லை. தேயிலை மலையில் பிறந்தவள், அன்று முழுக்க ஒரு வாய் டீ குடிக்காமல் 'மனித கௌரவம்' பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டு இருந்தேன்.

அதனால் முதலில் கழிப்பறையைப் போய்ப் பார். பேனர் அப்புறம். உங்கள் மண்டபம் பாதையிலிருந்து படி இறங்கிப் போகிற இடமா? வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பிரா பாதையோரமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அது பூட்டித்தான் கிடக்கும், தோட்டத்தில் கேட்டு வாங்கு. மேட்டு லயத்து அக்காவைத் தூக்கிக்கொண்டு வர நம் பிள்ளைகள் நான் நீ என்று நிற்பார்கள். அவரைக் கேட்காமல் தூக்க வேண்டாம். த்ரீவீலர் லயத்து வாசல் வரை போகுமா, காசு யார் கொடுப்பது என்பதைச் செலவுக் கணக்கில் முதலே எழுதிவிடு. 10ஆம் திகதி வேலை நாளாக வந்தால் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று. அவரைக் கூட்டி வரப்போவது அவருடைய அம்மாவாகத்தான் இருக்கும். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போகாவிட்டால் அந்த அம்மாவுக்கு அரைப் பேர்கூட, அரைநாள் சம்பளம்கூட, விழாது.

பணிய லயத்து அண்ணன் விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. சைகை மொழி தெரிந்தவர் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடப் பக்கமே போகாத ஆளுக்கு அந்தச் சைகையும் தெரிந்திருக்காது. வீட்டில் தங்கையோடோ கூட்டாளியோடோ அவர் பேசுகிற சைகை ஒன்று கட்டாயம் இருக்கும். அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, பாடம் எடுக்கிற வளவாளருக்குப் பக்கத்தில், அண்ணன் பார்க்கிற மாதிரி உட்கார வை. அன்றைக்கு அந்தச் சைகைக்காரரும் வேலை செய்கிறவர்தான், கொடுப்பனவு கொடு. ஒன்றே ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடு: அண்ணனிடம் கேட்ட கேள்விக்குச் சைகைக்காரரே முந்திக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. தங்கைமாருக்கு இது கஷ்டம், நானும் தங்கைதான்.

விளங்காது என்கிறவர்களிடம் ஒன்று கேள். அந்த அண்ணன் மலையில் வேலை செய்கிறாரா? சம்பளச் சீட்டில் ஒரு பேர் குறைந்துவிட்டால் சும்மா இருப்பாரா, இல்லை, சீட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் விரலை மடக்கிக் காட்டிச் சண்டை பிடிப்பாரா? சண்டை பிடிப்பார் என்றால் பாடம் அவருக்குப் பாதி தெரியும். வகுப்பையே அந்தச் சம்பளச் சீட்டிலிருந்து தொடங்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். சீட்டைப் பெரிதாகச் சுவரில் ஒட்டி, காசை மேசையில் பிரித்து வைத்தே காட்டலாம். காது கேட்கிற எத்தனையோ பேருக்கும் அப்போதுதான் அது விளங்கும்.

கடைசி அரைமணி நேரத்தில் 'மாற்றுத்திறனாளிகள் உரிமை' என்று ஒரு துண்டைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். அந்த நேரம் ஆட்கள் சோற்றுப் பார்சலைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் அது வரட்டும். வாக்குரிமையைச் சொல்லும்போது, மாற்றுத்திறனாளி ஒருவர் வாக்களிப்பு நிலையத்துக்குத் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தில் இருப்பதையும் சொல். இலங்கை அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரையை வாசித்தால் நாலாவது பிரிவு வரை வாசி. இரண்டாவது பிரிவில் இனம், மதம், மொழி, சாதி, பால் என்று பாகுபாடு காட்டக் கூடாத காரணங்கள் வரிசையாக வரும், வலது குறைவு (மாற்றுத்திறனுக்குச் சட்டத்தில் வருகிற சொல்) என்ற காரணம் அந்த வரிசையில் இல்லை. நாலாவது பிரிவில்தான் பெண்கள், பிள்ளைகளோடு சேர்த்து, வலது குறைந்தோரின் முன்னேற்றத்துக்கும் விசேட ஏற்பாடு செய்யலாம் என்று வருகிறது. ஏன் அப்படி என்று கூட்டத்தைக் கேள். மேட்டு லயத்து அக்காவுக்கு விருப்பம் இருந்தால் அந்தப் பகுதியை அவரே நடத்தட்டும்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, பெருமூளை வாதம். பேச்சு மெதுவாக வரும், புத்தி நல்ல கூர்மை. பக்கத்துப் பாடசாலையில் வசதி இல்லை, தூரத்து விசேட பாடசாலைக்குக் கொண்டுபோங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதற்குச் சட்டம் ஏதும் உண்டா?
- ஒரு தகப்பன், லிந்துலை

பதில்: உண்டு, அண்ணன். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். வலது குறைவைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி மறுத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதன் 23ஆவது பிரிவு சொல்கிறது. வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். அதனால் கடிதமாக எழுதிக் கொடுங்கள், பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். அங்கும் அசையவில்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு. அவசர இலக்கம் 1996. சட்டம் வந்த வருடமும் அதுதான், ஆணைக்குழுவின் சட்டம் வந்த வருடமும் அதுதான், மறக்காது.

நாட்களை மட்டும் கடத்தாதீர்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. கொழும்புக்குப் போக வழி தேடுகிற நமக்கு இது பெரிய உதவி.

பாடசாலைக்காரரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நானும் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவள், ஆள் பற்றாக்குறை தெரியும். ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு உங்கள் மகன் ஏன் வீட்டில் இருக்க வேண்டும்?

கேள்வி: மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்றுக்கொண்டது என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறார்கள். அதை வைத்து வழக்குப் போட முடியாதாமே? பிறகு வகுப்பில் எதற்கு அதைப் படிப்பிப்பது?
- கே., பண்டாரவளை

பதில்: 2007இல் கையெழுத்து, 2016 பெப்ரவரியில் ஏற்பு. இடையில் ஒன்பது வருடம், சரி விடுங்கள். பாராளுமன்றம் சட்டமாக்காமல் எந்தச் சமவாயமும் தானாக இங்கே சட்டமாகாது, அது உண்மை. ஆனால் கையில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். பொதுக் கட்டடங்களில் எல்லோரும் ஏறி இறங்க வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்துக்குப் போய், புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளின்படி இருக்க வேண்டும் என்று 2011இல் கட்டளையும் வாங்கினார். வகுப்பில் இந்த வழக்கைச் சொல்லுங்கள், பிள்ளைகள் தூங்கமாட்டார்கள்.

சொல்லிவிட்டு அளவு நாடாவோடு வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். சக்கர நாற்காலி ஏறுகிற சாய்தளம் 1 அடி உயர வேண்டுமென்றால் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும், பொதுவாக எங்கும் வைக்கிற கணக்கு இது. நம் ஊரில் சில கட்டடங்களின் சாய்தளம் பூங்காவில் இருக்கிற சறுக்கு மரம் மாதிரி நிற்கும். உங்கள் பக்கத்தில் அளந்ததை எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். கட்டடத்தின் பெயரையும் போடலாமா என்று ஆசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன்.