மக்காச்சோளம் குறைந்தால் விட்டுக்கொடுப்பது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உணவு விலைகள் பற்றிய கட்டுரையில், ‘மக்காச்சோள விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் கையிருப்பு முழுக்கத் தீர்ந்துவிடுவதில்லை, விலை ஏறித் தேவையைக் குறைத்துவிடும்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. கோழிக்கும் பன்றிக்கும் தினமும் தீனி போட்டுத்தானே ஆக வேண்டும்? விலை ஏறிவிட்டது என்று அவை குறைவாகவா தின்னும்? அப்படியானால் குறைத்துக்கொள்வது யார்? அடுத்த ஆண்டு நன்றாக விளைந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

கோழி குறைவாகத் தின்னாது. கொட்டிலில் இருக்கும்வரை அதற்கு வேண்டியதைப் போட்டே ஆக வேண்டும். அதனால்தான் முதல் வெட்டு வேறு இடத்தில் விழுகிறது. யாருக்குத் தேவை குறைவோ அவர் முதலில் விலகுவார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நடப்பது வேறு. யாரால் சட்டென்று விலக முடியுமோ அவர்தான் முதலில் விலகுகிறார்.

அமெரிக்காவில் 2012-ல் நடந்ததைப் பாருங்கள். அந்தக் கோடையில் மக்காச்சோள மாநிலங்களில் கடும் வறட்சி. மே மாதத்தில் அந்நாட்டு வேளாண் துறை எதிர்பார்த்த விளைச்சல் சுமார் 37.5 கோடி டன். அறுவடையில் கிடைத்ததோ 27 கோடி டன்னுக்குச் சற்று மேல். ஆகஸ்டில், பின்னால் கைமாறும் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் சிகாகோ முன்பேரச் சந்தையில் விலை புஷலுக்கு 8 டாலரைத் தாண்டியது. ஒரு புஷல் என்பது 25.4 கிலோ.

முதலில் விழுந்தது ஏற்றுமதி. முந்தைய பருவத்தில் சுமார் 3.9 கோடி டன் வெளிநாடு போயிருந்தது. இந்தப் பருவத்தில் அதில் பாதிகூடப் போகவில்லை. வெளிநாட்டுத் தீவன ஆலைக்காரர் ஒவ்வொரு கப்பல் சரக்கையும் புதிதாக விலை கேட்டுத்தான் வாங்குகிறார். அமெரிக்க விலை கட்டவில்லையென்றால் பிரேசிலிடம் கேட்பார், அவ்வளவுதான். பிரேசிலில் சோயா அறுத்த அதே நிலத்தில் இரண்டாம் போகமாகப் போட்ட மக்காச்சோளம் அந்த ஆண்டு நன்றாக விளைந்திருந்தது. அந்தப் பருவத்தில் உலகின் முதல் ஏற்றுமதி நாடு என்ற இடம் அமெரிக்காவிடமிருந்து பிரேசிலுக்குப் போனது. வட கரோலினாவின் பன்றி, கோழி நிறுவனங்களே பிரேசில் சோளத்தைக் கப்பலில் தருவித்தன.

அடுத்தது எத்தனால், அதாவது மக்காச்சோளத்திலிருந்து எடுத்துப் பெட்ரோலில் கலக்கும் எரிசாராயம். வாங்கும் சோளத்துக்கும் விற்கும் எத்தனாலுக்கும் இடையில் லாபம் நிற்கவில்லை என்றால் ஆலையை நிறுத்திவிடலாம். பல ஆலைகள் அப்படித்தான் நின்றன. ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு புஷல் சோளத்திலிருந்து ஏறத்தாழ 10 லிட்டர் எத்தனாலோடு 7 முதல் 8 கிலோ சக்கையும் கிடைக்கிறது. அது நல்ல மாட்டுத்தீவனம். ஆலை நின்றால் சக்கையும் நின்றுபோகும். அதை நம்பியிருந்தவர் மறுபடி சோளத்தையே தேடி வருவார். அதனால் ஆலை மிச்சப்படுத்தும் சோளம் முழுவதும் சந்தைக்கு மிச்சமாகாது. அப்புறம், பெட்ரோலில் எத்தனால் கலக்கச் சட்டப்படி ஒரு கட்டாய அளவு இருந்தது. சில மாநில ஆளுநர்கள் தளர்வு கேட்டார்கள். நவம்பரில் மத்திய அரசு மறுத்துவிட்டது.

இனி உங்கள் பன்றிக்கு வருவோம். சினைக்காலம் 114 நாள். பிறந்த குட்டி விற்கும் எடைக்கு வர ஆறு மாதம் ஆகும். இன்று ஒருவர் மந்தையைக் குறைக்க முடிவெடுத்தாலும், ஏற்கெனவே வயிற்றில் இருப்பதும் கொட்டிலில் இருப்பதும் தின்றுதான் தீரும். தாய்ப் பன்றிகளைக் கறிக்கு அனுப்புவதால் சில மாதம் சந்தையில் கறி கூடி அதன் விலை இறங்கவும் செய்யும். தீவனம் உச்ச விலையில் இருக்கும்போதே கறி மலிவாகக் கிடைப்பது இதனால்தான். வளர்ப்பவர் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பன்றியை நாலைந்து கிலோ முன்னதாகவே விற்றுவிடுவது. எடை கூடக் கூட, அடுத்த ஒரு கிலோவுக்கு அது தின்னும் தீனியும் கூடும். கடைசிக் கிலோக்கள்தான் அதிகச் செலவு வைப்பவை.

கோதுமையும் உதவிக்கு வரும். சோளம் கோதுமையைவிட விலை ஏறினால் தீவனத்தில் கோதுமை நுழைகிறது. அதில் புரதம் கூடுதல், சோயாப் புண்ணாக்கைக் கொஞ்சம் குறைக்கலாம். மாட்டுக்கு அளவோடுதான் கொடுக்க வேண்டும். மாவுச்சத்து வேகமாகப் புளித்து வயிற்றில் அமிலம் ஏறிவிடும். இதில் எனக்கு உண்மையான கவலை வேறு. சோளத் தட்டுப்பாட்டின் சுமை இந்த வழியாக ரொட்டி தின்பவர் தலைக்கும் வந்து சேர்கிறது. மக்காச்சோளத்தையே அன்றாட உணவாகத் தின்னும் மெக்சிகோவிலும் தென் ஆப்பிரிக்க வட்டாரத்திலும் ஏழைக் குடும்பங்கள் விலகிப் போக வேறு இடம் இல்லாதவர்கள். 2007 ஜனவரியில் மெக்சிகோவில் டார்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டியின் விலை ஏறியபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். ‘விலை தேவையைச் சரிக்கட்டிவிடும்’ என்று எழுதும்போது இவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். சரிக்கட்டுவதில் ஒரு பங்கு, ஒரு வேளைச் சாப்பாடு குறைவதுதான்.

பழையபடி ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். விலை ஆகும். 2013-ல் அமெரிக்காவில் அதுவரை காணாத விளைச்சல், ஆண்டு முடிவில் விலை 4 டாலர் பக்கம் வந்துவிட்டது. தேவை அப்படித் திரும்புவதில்லை. பிரேசிலிடம் வாங்கிப் பழகிய ஆலை அங்கேயும் ஒரு கணக்கை வைத்துக்கொள்கிறது. மாடுகளின் எண்ணிக்கை 2014 தொடக்கத்தில் முந்தைய ஆண்டைவிடவும் குறைந்து, 1951-க்குப் பின் காணாத அளவுக்கு இறங்கியிருந்தது. தீவன விலையோடு, மேய்ச்சல் நிலம் காய்ந்ததும் அதற்குக் காரணம். மந்தையைப் பெருக்க வேண்டுமானால் கிடேரிகளைக் கறிக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்க வேண்டும். பால் மறந்த கிடேரி சினைப்பட்டு, ஈன்று, அந்தக் கன்று கறிக்குத் தயாராக ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். நிறுத்திவைக்கும் காலத்தில் சந்தைக்கு வரும் கறி இன்னும் குறையும். அமெரிக்காவில் மாட்டுக்கறி விலை உச்சத்துக்குப் போனது 2014, 2015-ல், மக்காச்சோளம் மலிவாகிப் பல மாதங்கள் கழித்து.