சமய நூல்களைக் கூடி வாசித்த காலம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எழுத்தறியாதவர்களுக்கு முற்கால ஐரோப்பாவில் சமய நூல்களைக் கூடி வாசித்த கூட்டங்களில் என்ன இடம் இருந்தது?

பதில்: பெரிய இடமே இருந்தது. இங்கிலாந்தில் லொல்லார்டுகள் எனப்பட்ட, திருச்சபைச் சீர்திருத்தம் கோரிய குழுவினர், கையெழுத்துப் படிகளாகக் கிடைத்த ஆங்கில விவிலியத்தை வீடுகளில் கூடி வாசித்தனர். எழுத்தறியாதோர் கேட்டுக் கேட்டே பகுதிகளை மனப்பாடம் செய்தனர். 1428 முதல் 1431 வரை நாரிச் மறைமாவட்டத்தில் இவர்கள்மீது நடந்த சமய விசாரணைகளின்போது, மார்ஜரி பாக்ஸ்டர் என்பவர், தம் கணவர் இரவில் வாசிப்பதைக் கேட்க வருமாறு பழகிய பெண்ணொருத்தியை இரகசியமாக அழைத்தார் என்று சாட்சியம் பதிவானது. ஆகவே, அக்காலத்து வாசகர்களைக் கையெழுத்திடத் தெரிந்தவர்களைக் கொண்டு கணக்கிடுவது எனக்கு ஏற்புடையதன்று.

கேள்வி: சமயநூல் வாசிப்பை ஓர் அரசு ஏன் தடுக்க வேண்டும்?

பதில்: நூலைவிட, நூலைச் சுற்றி எழுந்த பேச்சையே ஆட்சியாளர்கள் அஞ்சினர். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் 1543ஆம் ஆண்டுச் சட்டம், உயர்குடிப் பெண்கள் விவிலியத்தைத் தமக்குள் வாசிக்கலாம், பிறருக்கு வாசித்துக் காட்டலாகாது என்று வரையறுத்தது. கைவினைஞர், பணியாளர், உழவர் ஆகியோருக்கோ அந்த உரிமையும் இல்லை. அச்சட்டம் 1547இல் நீங்கியது. பின்னர் அங்கேயே 1664இல் வந்த சட்டம், வீட்டாரைத் தவிர ஐவருக்கு மேற்பட்டோர் அரசுத் திருச்சபையின் முறைக்குப் புறம்பாக வழிபாட்டுக்குக் கூடுவதைக் குற்றமாக்கியது. சுவீடனில் இத்தகைய தடை 1726 முதல் 1858 வரை நீடித்தது.

கேள்வி: கலந்துரையாடல் எவ்வாறு நடைபெற்றது? எல்லாரும் பேசினார்களா?

பதில்: இல்லை. பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற லூத்தரன் (மார்ட்டின் லூத்தர் வழித் திருச்சபையின்) போதகர் 1670இல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் தம் இல்லத்தில் தொடங்கிய கூட்டத்தில் முதலில் பக்தி நூல்களும், பின்னர் விவிலியமும் வாசிக்கப்பட்டன. ஆண்கள் பேசினர், பெண்கள் தனியே அமர்ந்து கேட்க மட்டுமே முடிந்தது. 1682இல் கூட்டம் தேவாலயத்துக்கு மாற்றப்பட்டபின், எளிய மக்கள் வாய்திறக்கத் தயங்கினர். இதில் வியப்பில்லை, வீட்டில் நண்பரிடம் கேட்கத் துணியும் ஐயத்தை, பொது அவையில் எத்தனை பேர் எழுப்புவர்?

கேள்வி: கருத்து வேறுபாட்டால் நட்பு முறிந்ததுண்டா?

பதில்: பிரிவுகள் நேர்ந்தன. ஸ்பேனருடன் அக்கூட்டத்தைத் தொடங்க முன்னின்ற வழக்கறிஞர் யோகான் யாக்கோப் ஷூட்ஸ், பிற்காலத்தில் திருச்சபையை விட்டே விலகினார். ஸ்பேனரோ இறுதிவரை அதற்குள்ளேயே இருந்தார்.