வீட்டிலிருந்தே வேலை தேடுவோரின் கேள்விகள்

கேள்வி: டெலிகிராம் குழு ஒன்றில் ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்ததற்கு முதல் நாள் 150 ரூபாய் வந்தது. மறுநாள் 1,000 கட்டினேன், 1,300 ஆகத் திரும்பி வந்தது. இதுவரை ஏறத்தாழ 40,000 கட்டியிருக்கிறேன். திரையில் 95,000 காட்டுகிறது. அதை எடுக்க 30 சதவீதம் வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? – வாசகர், ஓசூர்

கட்டக் கூடாது. முதலில் வந்த தொகைகள் தூண்டிலில் கோத்த புழு. திரையில் தெரியும் 95,000 அவர்கள் தட்டச்சு செய்த எண்ணே தவிர, எந்த வங்கியிலும் இல்லாத பணம். வருமான வரியைப் பிடிப்பவர் உங்களுக்குத் தர வேண்டிய தொகையிலிருந்து கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார். முன்கூட்டியே தனியாக அனுப்பச் சொல்லும் வழக்கம் எங்கும் கிடையாது. குழுவில் "எனக்கு வந்துவிட்டது" என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அவர்களும் அதே கூட்டத்து ஆட்கள்தான். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே, சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

கேள்வி: லேப்டாப் அனுப்புவதற்கு 2,500 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். திருப்பித் தருவதாக எழுதியே கொடுத்திருக்கிறார்கள். – வாசகி, திண்டுக்கல்

வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இதே பதில்தான்.

கேள்வி: டேட்டா என்ட்ரி வேலையில் 95 சதவீதம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். நான் தேறவில்லை என்று இப்போது 6,000 ரூபாய் கேட்டு வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. – வாசகி, கும்பகோணம்

உங்களுக்கு வந்த பக்கங்களை நினைத்துப் பாருங்கள். எழுத்து மங்கிய படங்கள், ஆங்கில 'O' எழுத்தும் பூஜ்யமும் பிரித்தறிய முடியாத எண்வரிசைகள், ஐந்தாறு நாள் கெடு. எவரும் தேற முடியாதபடி அமைப்பதுதான் இந்த மோசடியின் தொழில்நுட்பம். வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல. அதைக் காட்டி யாரும் உங்களைக் கைது செய்யவும் முடியாது. ஒப்பந்தத்தில் ஒரு தண்டத் தொகை எழுதப்பட்டிருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. பணம் அனுப்பாமல், உரையாடல்களை அழிக்காமல், புகார் கொடுங்கள். ஒருமுறை கட்டினால் அடுத்த நோட்டீஸ் தொகை கூடித்தான் வரும்.

கேள்வி: என் மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அவன் கணக்குக்கு வரும் பணத்தை வேறு கணக்குகளுக்கு மாற்றிவிட்டால் 2 சதவீதம் கமிஷன் தருகிறார்களாம். நம் பணம் எதுவும் போகவில்லையே, இதில் என்ன தவறு? – தந்தை, திருப்பூர்

"நம் பணம் எதுவும் போகவில்லையே" என்ற இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டு மனம் வெதும்பிப் போயிருக்கிறேன். உங்கள் மகனின் கணக்கில் வந்து விழும் பணம் யாருடையது என்று ஒருமுறையாவது கேட்டீர்களா? மேலே எழுதியிருக்கிற ஓசூர்க்காரரைப் போன்றவர்கள் இழந்த பணம்தான் இப்படிக் கணக்கு மாறி மாறிக் கைமாறுகிறது. ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் காவல்துறை முதலில் போய் நிற்பது பணம் சென்ற கணக்கின் உரிமையாளரிடம். மோசடிக்காரனின் பெயர் எந்த ஆவணத்திலும் இருக்காது, உங்கள் மகனின் பெயரும் ஆதாரும் பானும் கைபேசி எண்ணும் எல்லா ஆவணங்களிலும் இருக்கும். கணக்கு முடக்கப்படும், வழக்கு பெரும்பாலும் வேறு மாநிலத்தில் பதிவாகும், அங்கே விசாரணைக்கு அழைப்பு வந்தால், மொழி தெரியாத ஊரில் வக்கீல் தேடி அலையப்போவது நீங்கள்தான். பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் கூரியரில் அனுப்பச் சொல்வதும், "பேமென்ட் உதவியாளர்" என்று அழகான பதவிப்பெயர் தருவதும் இதன் வேறு வடிவங்களே.

இன்றே வங்கிக் கிளைக்குச் சென்று நடந்ததை எழுத்தில் கொடுத்து, அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள். கணக்கில் மிச்சமிருக்கும் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். கமிஷனைக்கூட எடுக்கக் கூடாது. யாரும் தேடி வருவதற்கு முன் நீங்களே ஒரு வக்கீலைப் பார்த்து, சைபர் குற்றப் பிரிவில் விவரம் தெரிவிப்பது மகனுக்கு நல்லது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு வங்கிக் கணக்கு தொடங்கிக் கொடுக்கும் பெற்றோர், அதை வாடகைக்கு விடக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லும் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அப்படியானால் நம்பலாம்தானே? – வாசகர், நாகர்கோவில்

பெயர் அங்கே இருப்பதால் நிறுவனம் இருக்கிறது என்பது மட்டும் உறுதியாகும். உங்களிடம் பேசுகிறவர் அதன் ஊழியர் என்பது உறுதியாகாது. நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள்; அவர்கள் அனுப்பும் எண்ணை அழைப்பது வீண்.

கேள்வி: பென்சில் பேக்கிங் வேலை உண்மையா? – பெயர், ஊர் இல்லை

யார் விளம்பரம் செய்தார், எங்கே பார்த்தீர்கள், என்ன கேட்டார்கள் என்று எதுவுமே எழுதாமல் நான்கு சொல்லில் கேட்டால் நானும் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும்: பிரபல பிராண்டின் பெயரைப் போட்டு, வீட்டுக்கே மூட்டை அனுப்புவதாகச் சொல்லி, அடையாள அட்டைக்கு ஐந்நூறு அறுநூறு கேட்டால் அது மோசடி. அடுத்த முறை விவரங்களோடு எழுதுங்கள்.

கேள்வி: மூன்று நாளுக்கு முன் 70,000 ரூபாய் இழந்தேன். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது ஒருவர் 5,000 கொடுத்தால் மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். – வாசகி, வேலூர்

அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற இரண்டாவது கூட்டம் இது. 1930-ஐ முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அழைத்திருந்தால் பணம் கைமாறுவதற்குள் வழியிலேயே நிறுத்தி வைக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். இப்போதும் புகார் கொடுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பணப் பரிமாற்ற எண், தேதி, நேரம், அவர்களின் யுபிஐ முகவரி ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் வேலை விரைவாக நடக்கும். புகார் எண்ணைப் பத்திரப்படுத்தி, உங்கள் வங்கிக்கும் அதன் நகலைக் கொடுங்கள்.