பச்சைத் தோலுக்கு என்ன நிறம் பொருந்தும்?

அன்புள்ள அண்ணா,

வார்ஹாமர் என்ற மேசைப் போர் விளையாட்டு ஆடுவதற்காக 40 ஓர்க் (பச்சைத் தோல் அரக்கன்) மினியேச்சர்கள் வாங்கினேன், இதுவரை 5-க்குப் பெயிண்ட் அடித்து முடித்திருக்கிறேன். தோல் இலைப்பச்சை, கவசம் சிவப்பு, துணி நீலம், பை மஞ்சள், பெல்ட் ஊதா. கையில் எடுத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, மேசையில் வைத்தால் எது தலை எது கோடரி என்றே தெரியவில்லை. பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு என்று படித்துவிட்டுத்தான் அடித்தேன். மீதி 35-க்கு நிறங்களை எப்படி முடிவு செய்வது?

ர.

அன்புள்ள ர.,

அந்த ஐந்தையும் வரிசையாக நிறுத்தி போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தோலும் கவசமும் அநேகமாக ஒரே சாம்பலாகத் தெரியும். கலர் வீலில் (நிறங்களை வட்டமாக அடுக்கிய படம்) பச்சைக்கு எதிரே சிவப்பு இருப்பது உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்தால் மூன்றடி தள்ளி நிற்கிறவரின் கண்ணுக்கு அவை பிரிவதில்லை, அதிலும் 28 மில்லிமீட்டர் பொம்மையில் முகமே மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதனால் எது வெளிச்சம் எது இருட்டு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், நிறத்தின் பெயர் அப்புறம். தோலை வெளிறிய பச்சையாக வைத்தால் கவசம் அரக்குச் சிவப்புக்கு இறங்க வேண்டும். தோலை அடர்த்தியாக்கினால் துணி சந்தன நிறத்துக்கு ஏற வேண்டும். எல்லாவற்றையும்விட வெளிச்சமான இடம் முகத்திலேயே இருக்கட்டும், பல்லும் கண்ணும் அதற்குத்தானே இருக்கின்றன.

இன்னொன்று, நிறங்களைக் குறையுங்கள். ஆண்டர்ஸ் சோர்ன் என்ற ஸ்வீடன் ஓவியர் (1860–1920) மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று நான்கே வண்ணங்களில் வரைந்ததற்காகப் பேசப்படுபவர். அதை ஓர்க்கில் செய்துபார்க்கலாம் என்று ஒரு நாள் பழைய டைல்ஸ் துண்டில் மஞ்சள் காவியை வைத்து, பிரஷ் நுனியில் தொட்ட அளவு கறுப்பைச் சேர்த்துக் குழைத்தேன். ஒரு சொட்டு நீலம்கூட இல்லாமல் பாசிப்பச்சை வந்தது! ஓர்க் தோலுக்கு அதைவிடப் பொருத்தமான பச்சையை நான் எந்த டப்பாவிலும் பார்த்ததில்லை. அதே காவியில் சிவப்பைக் கலந்தால் தோல்வார், வெள்ளையைக் கலந்தால் பல்லும் எலும்பும், கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் இரும்பு (பக்கத்தில் காவி இருப்பதால் அந்தச் சாம்பல் லேசான நீலமாகவே தெரியும்). எல்லாம் ஒரே நான்கிலிருந்து வருவதால் ஒன்றோடொன்று சண்டை போடாது. கைக்கும் நல்லது, ஒரு நிறம் கூடினால் பொம்மைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் 40-க்கு 200 நிமிடம் போய்விடும்.

மஞ்சள் வேண்டவே வேண்டும் என்றால் தலைவனுக்கும் கொடிக்கும் மட்டும் கொடுங்கள். கறுப்பு பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) மேல் மஞ்சள் நேராக ஏறாது, அடியில் பழுப்போ இளஞ்சிவப்போ ஒரு கோட் போட்டுக்கொள்ளுங்கள்.

பேஸையும் (பொம்மை நிற்கும் தட்டு) இப்போதே யோசித்துவிடுங்கள். பச்சைக் காலுக்குக் கீழே பச்சைப் புல் ஒட்டினால் கால் காணாமல் போகும், செம்மண் வையுங்கள். 35-க்கும் பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு பொம்மையைப் பேஸ் உட்பட முழுதாக முடித்து, நீங்கள் விளையாடப்போகும் விளக்கின் கீழேயே இரண்டு நாள் நிறுத்திவைத்து, போகிற வருகிற நேரமெல்லாம் பாருங்கள்.

முடித்த ஐந்தையும் கரைத்துச் சுரண்ட வேண்டாம். நீலத்தையும் ஊதாவையும் அடர்பழுப்பால் மூடி, சிவப்பை மட்டும் இரண்டு படி இருட்டாக்கி, மற்றவற்றுக்குப் போடும் அதே பழுப்பு வாஷை (தண்ணீராய் நீர்த்த பெயிண்ட்) மேலே ஓட்டிவிட்டால் கூட்டத்தோடு சேர்ந்துவிடும்.